ராமச்சந்திரன் பிளாட் எல்லாரும் போடுகிறோம், 1963 பேப்பரை யார் சைட் செய்கிறோம்?

#1 கிண்டி_ஸ்காலர்

வணக்கம். புரத அமைப்பில் பிஹெச்.டி., மூன்றாம் வருடம். போன வாரம் ஒரு பேப்பருக்கு மெத்தட்ஸ் பகுதி எழுதிக்கொண்டிருந்தேன். "ராமச்சந்திரன் வரைபடத்தில் தடைசெய்யப்பட்ட பகுதியில் எந்த அமினோ அமிலமும் இல்லை" என்று வழக்கமான வரியை எழுதிவிட்டுப் பக்கத்தில், புரத அமைப்பைச் சரிபார்க்கும் மால்ப்ராபிட்டி மென்பொருளின் ரெஃபரன்ஸ் எண்ணைப் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது. வரியில் இருப்பது ஜி. என். ராமச்சந்திரன் பெயர். எண் போய்ச் சேருவது வேறு ஆட்களுக்கு.

சந்தேகம் வந்து மேசையில் கிடந்த பேப்பர்களை எல்லாம் புரட்டினேன். எல்லாவற்றிலும் அவர் பெயர் இருந்தது. கடைசிப் பட்டியலில், அந்த வரைபடத்துக்கு மூலமான அவருடைய 1963 பேப்பர் இருந்தது ஒன்றே ஒன்றில்.

என் கேள்வி இதுதான்: ஒருவர் செய்த வேலையின் அளவை சைட்டேஷன் எண்ணை (மற்ற பேப்பர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டின என்பதை) வைத்துச் சொல்ல முடியுமா? வேலைக்கு விண்ணப்பம் போடும் இடத்தில் எல்லாம் முதல் கட்டமே ஹெச் இன்டெக்ஸ் என்ற சைட்டேஷன் மதிப்பெண்தான். ஜி.என்.ஆர். இன்று விண்ணப்பித்தால் அந்தக் கட்டத்தில் தேறுவாரா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

#2 நூலகவாசி

நல்ல கேள்வி தம்பி. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு கருத்து எல்லாருக்கும் பொதுவான அறிவாக ஆகிவிட்டால், அதை முதலில் சொன்ன பேப்பரை யாரும் குறிப்பிட மாட்டார்கள். உலையில் போட்ட உப்பு மாதிரி. சோற்றில் ருசி இருக்கும், உப்பு கண்ணுக்குத் தெரியாது. நியூட்டனின் விதியைப் பயன்படுத்துகிறவர் எவரும் நியூட்டனை ரெஃபரன்ஸில் சேர்ப்பதில்லையே.

2014இல் நேச்சர் இதழ், அதுவரை அதிகம் சைட் செய்யப்பட்ட நூறு பேப்பர்களைப் பட்டியல் போட்டது. அந்த நூறில் இடம் பிடிக்கவே 12,119 சைட்டேஷன் தேவைப்பட்டது. வாட்சன், கிரிக் 1953இல் எழுதிய டி.என்.ஏ. இரட்டைச் சுருள் பேப்பர் அதில் இல்லை. நம் துறையே எந்தப் பேப்பரில் பிறந்தது என்று சொல்கிறோமோ, அதுவே நூறுக்குள் வரவில்லை.

முதலிடத்தில் இருந்தது எது தெரியுமா? ஆலிவர் லவ்ரியும் மூன்று பேரும் 1951இல் எழுதிய, புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்கும் முறை. மூன்று லட்சத்துக்கும் மேல்.

#3 நீலச்சாயம்

லவ்ரி என்றதும் கை தானாக வந்துவிட்டது. எம்.எஸ்சி. லேபில் எத்தனை முறை செய்திருப்பேன் என்று கணக்கில்லை. காரத்தில் தாமிரம் கலந்த கரைசலைப் புரதத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். அப்புறம் ஃபோலின் ரீஏஜென்ட். இங்கேதான் வித்தை இருக்கிறது. ஃபோலினைச் சேர்த்த அந்த நொடியிலேயே குழாயைக் கலக்கிவிட வேண்டும், ஏனென்றால் காரத்தில் அது சீக்கிரம் செத்துப்போகும். நான் முதல் தடவை எல்லாக் குழாயிலும் வரிசையாக ஊற்றிவிட்டு, பிறகு நிதானமாக ஒவ்வொன்றாகக் கலக்கினேன். முதல் குழாய் கரு நீலம், கடைசிக் குழாய் வெளிர் நீலம். இரண்டிலும் இருந்தது ஒரே அளவு புரதம்! ஸ்டாண்டர்ட் கர்வ் நேர்கோடாக வராமல் பாம்பு மாதிரி நெளிந்தது.

மூன்று லட்சம் பேர் சைட் செய்தார்கள் என்றால் மூன்று லட்சம் பேர் படித்தார்கள் என்று அர்த்தம் இல்லை. செய்முறைத் தாளில் சீனியர் எழுதிவைத்ததைப் பார்த்துச் செய்துவிட்டு ரெஃபரன்ஸில் ஒரு வரி போட்டார்கள். நானும் அப்படித்தான். லவ்ரியே அதை ஒரு மகத்தான பேப்பர் என்று நினைக்கவில்லை, ஆனாலும் அதற்குக் கிடைத்த வரவேற்பில் உள்ளூர ஒரு குஷி உண்டு என்று எழுதியிருக்கிறார். நேர்மையான மனிதர்.

இரண்டாம் இடம் லேம்லி, 1970. புரதங்களைப் பிரித்துப் பார்க்க ஜெல் ஓட்டுகிற எல்லாரும் லேம்லி பஃபர் என்று தினமும் சொல்கிறோம். அந்தப் பேப்பரின் தலைப்பு என்ன என்று கேட்டுப்பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். டி4 என்ற பாக்டீரியா வைரஸின் தலைப்பகுதி உருவாகும்போது புரதங்கள் எப்படி வெட்டுப்படுகின்றன என்பதுதான் பேப்பர். ஜெல் என்பது அதைக் காட்ட அவர் பயன்படுத்திய கருவி. கண்டுபிடிப்பை மறந்துவிட்டுக் கருவிக்கு இரண்டு லட்சம் சைட்டேஷன் கொடுத்திருக்கிறோம்.

#4 படிகக்காரர்

ஓய்வு பெற்ற படிகவியல் ஆசிரியன். ஜி.என்.ஆர். பற்றிப் பேச்சு வந்ததால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு முப்பது வயது ஆகியிருந்தாலே அதிகம். அந்த ஆண்டு சென்னைக்கு வந்த படிகவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றிலும் இருக்கிற புரதம் அது. அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது நல்லதாகப் போயிற்று. அங்கிருந்து கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. அதில் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் நேச்சரில் மூன்று இழை மாதிரியை வெளியிட்டார். மூன்றில் ஒரு இடத்தில் கட்டாயம் கிளைசின்தான் இருக்க வேண்டும் என்பது அந்த மாதிரியின் உயிர். அடுத்த ஆண்டு மூன்று இழையும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்ளும் என்று திருத்தினார்கள்.

அதே 1955இல் ரிச்சும் கிரிக்கும் தங்கள் மாதிரியோடு வந்தார்கள். சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி இருக்கின்றன என்பது அவர்கள் குறை. ஹைட்ரஜன் பிணைப்பு விஷயத்தில் அவர்கள் சொன்னதுதான் பிற்பாடு நிலைத்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஜி.என்.ஆர். அந்தக் குறைக்கு வாயால் பதில் சொல்லவில்லை. சரி, எவ்வளவு நெருங்கினால் அதிகம் என்று யார் அளந்தார்கள் என்று கேட்டார். அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளை எல்லாம் எடுத்து, கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும், நைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் குறைந்தபட்சத் தூரத்தைத் தொகுத்தார்கள். ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் கூட இருந்தார்கள்.

பெப்டைடு அலகு தட்டையானது என்று பாலிங் ஏற்கெனவே காட்டியிருந்தார். ஆகவே ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் முதுகெலும்பு திரும்பக்கூடிய கோணங்கள் இரண்டே இரண்டு: ஃபை, சை. உங்கள் வலது கையை நீட்டுங்கள். தோளில் ஒரு திருகல், மணிக்கட்டில் ஒரு திருகல். இரண்டையும் எப்படி வேண்டுமானாலும் சேர்த்துத் திருக முடியாது, எங்கேயோ முழங்கை விலாவில் இடிக்கும். அதே கதைதான். ஒரு கோணத்தைக் குறுக்கேயும் இன்னொன்றை நெடுக்கேயும் வைத்து, எங்கெல்லாம் அணுக்கள் இடிக்கவில்லை என்று கட்டம் கட்டமாகக் கணக்குப் போட்டுக் குறித்தால் பெரும்பகுதி காலியாக நிற்கிறது. நடுவே இரண்டு மூன்று தீவுகள். ஒரு தீவில் ஆல்ஃபா சுருள், இன்னொன்றில் பீட்டா தாள். கிளைசினுக்குப் பக்கச் சங்கிலி கிடையாது, அதனால் அது கடலிலும் நீந்தும்.

அதுதான் 1963இல் ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜியில் வந்த ஐந்து பக்கக் கடிதம். அதற்குப் பிறகு தீர்க்கப்பட்ட புரதங்களின் புள்ளிகள் அந்தத் தீவுகளில்தான் போய் உட்கார்ந்தன. இன்று புரதத் தரவு வங்கியில் இரண்டு லட்சத்துக்கும் மேல் அமைப்புகள் இருக்கின்றன. புதிதாகப் புரத அமைப்பைக் கொண்டுபோகிற எவரும் அங்கே தரும் சரிபார்ப்பு அறிக்கையில் ராமச்சந்திரன் வரியைப் பார்க்காமல் தாண்ட முடியாது. அந்த வரிகள் எதுவும் சைட்டேஷனாக எண்ணப்படுவதில்லை.

#5 மதுரைக்காரன்

படிகக்காரர் ஐயா எழுதியது அருமை. ஆனால் நாம் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறோம் என்று தோன்றுகிறது. 1963 பேப்பரை யாரும் சைட் செய்வதில்லை என்பது பொய். பல ஆயிரம் தடவை சைட் செய்யப்பட்ட பேப்பர் அது. அந்தக் காலத்துப் பேப்பரில் அந்த எண்ணைத் தொட்டவை கொஞ்சம்தான். அது போக, 1968இல் சசிசேகரனோடு சேர்ந்து அவர் எழுதிய நீண்ட ரிவ்யூ இருக்கிறது, நூற்றைம்பது பக்கத்துக்கு மேல். பலர் 1963க்குப் பதில் அதைக் காட்டுவார்கள். அதாவது அவருடைய சைட்டேஷனை அவரே பங்கு போட்டுக்கொண்டார்!

மீதியை வாங்கிக்கொண்டது மென்பொருள். 1993இல் வந்த ப்ரோசெக், அப்புறம் மால்ப்ராபிட்டி. அது நியாயம்தானே? கட்டங்களைப் புதிய தரவை வைத்துத் திருத்தினவர்கள், கணினியில் ஓட வைத்தவர்கள் அவர்கள். இன்று நாம் பார்க்கிற எல்லைக்கோடு 1963இல் கணக்குப் போட்டு வரைந்த எல்லைக்கோடு அல்ல, உண்மையான அமைப்புகளில் விழுந்த புள்ளிகளை வைத்து வரைந்தது. தம்பி மால்ப்ராபிட்டியைக் காட்டியது தப்பே இல்லை.

#6 கிண்டி_ஸ்காலர்

தப்பு என்று சொல்லவில்லை அண்ணா. இரண்டையும் காட்டலாமே என்கிறேன்.

#7 ஸ்கேன்_ராத்திரி

ரேடியாலஜியில் இருக்கிறேன், உங்கள் துறை இல்லை, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ராமச்சந்திரன் என்பது சி.டி. ஸ்கேனில் வருகிற ராம்-லாக் ஃபில்டரின் ராம் தானே?

#8 படிகக்காரர்

அவரேதான். 1971இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் எழுதியது. ஊடுகதிர்ப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை மீட்க ஃபூரியே மாற்றத்துக்குப் போகாமல், கன்வல்யூஷன் என்ற நேர்வழிக் கணக்கிலேயே முடித்துவிடலாம் என்று காட்டினார்கள். முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டதும் அதே 1971இல்தான், லண்டனில். ராம் ராமச்சந்திரன், லாக் லட்சுமிநாராயணன்.

#9 ஸ்கேன்_ராத்திரி

நன்றி சார். மேட்லாப்பில் படத்தை மீட்கும் கட்டளை ஒன்று உண்டு. எந்த ஃபில்டர் வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அது தானாக எடுத்துக்கொள்வது ராம்-லாக்தான். படிக்கும்போது அது ஏதோ ஒரு ஜெர்மன்காரர் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லாதீர்கள்.

#10 மதுரைக்காரன்

இங்கேயும் ஒரு வார்த்தை. அதே வகைக் கணக்கை 1967இலேயே பிரேஸ்வெல்லும் ரிடிலும் வானொலி வானியலில் போட்டிருந்தார்கள். அவர்களை மருத்துவத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆக, நம் ஆளுக்குச் சைட்டேஷன் போகவில்லை என்று நாம் வருத்தப்படுகிறோம், அங்கே வேறு யாரோ அவர்களுக்காக வருத்தப்படுவார்கள். 1979 நோபல் கோர்மாக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் போனது. "ஜி.என்.ஆருக்கு நோபல் மறுக்கப்பட்டது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஃபார்வர்டை இங்கே யாரும் ஒட்டாமல் இருந்தால் போதும்.

#11 நீலச்சாயம்

ஒரு சின்னச் சந்தேகம். 1963 பேப்பரில் இருக்கிற ராமகிருஷ்ணன், நோபல் வாங்கிய நம் வெங்கி ராமகிருஷ்ணனா?

#12 நூலகவாசி

இல்லை இல்லை. அவர் சி. ராமகிருஷ்ணன். வெங்கி பிறந்தது 1952இல், சிதம்பரத்தில். 1963இல் பதினொரு வயதுப் பையன்.

ஆனால் நீங்கள் கேட்டது விளையாட்டு இல்லை. சைட்டேஷன் எண்ணுகிற விஷயத்தில் தமிழ்ப் பெயர்கள் படும் பாடு எனக்குத்தான் தெரியும். நமக்கு இருப்பது அப்பா பெயரின் முதல் எழுத்தும் நம் பெயரும். டேட்டாபேஸ் கேட்பது குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டுக்காக அப்பா பெயரை விரித்து எழுதிய நாளிலிருந்து ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுகிறார். எங்கள் நூலகத்துக்கு ஒரு ஆசிரியை வந்தார். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவர் இனிஷியல், அமெரிக்காவில் போஸ்ட்டாக் செய்தபோது அப்பா முழுப்பெயரே சர்நேம். ஸ்கோபஸ் என்ற சைட்டேஷன் டேட்டாபேஸில் அவர் மூன்று பேர். மூன்று பேருக்கும் தனித்தனி ஹெச் இன்டெக்ஸ், எதுவும் இரட்டை இலக்கம் இல்லை. மூன்றையும் ஒட்டவைத்ததும் பதினாறு. "நான் இத்தனை நாள் இவ்வளவு படித்தவளா?" என்று சிரித்தார்.

இன்னொரு பக்கம், வெறும் ராமச்சந்திரன் என்று தேடினால் இதய மருத்துவர், மண் விஞ்ஞானி, கணிதப் பேராசிரியர் எல்லாரும் ஒரே மூட்டையில் வருவார்கள். 2012இல் வந்த ஆர்க்கிட் எண், ஆளுக்கு ஒரு தனி அடையாள எண், இதற்குத்தான். இளைஞர்கள் முதல் பேப்பருக்கு முன்பே அதை எடுத்துவிடுங்கள், காசு கிடையாது. 2001இல் காலமானவருக்கு யார் எடுத்துத் தருவது?

#13 வெஸ்டர்ன்_ப்ளாட்

இந்த இழையை முழுக்கப் படித்தேன். எல்லாரும் ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய கதையே பேசுகிறீர்கள். இன்றைய நிலவரத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) சைட்டேஷன் என்பது மொய். உள்ளபடியே மொய் நோட்டுதான். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பட்டியல் வரும், இந்த மாதம் இன்னின்ன பேப்பரை உங்கள் பேப்பரில் சேருங்கள் என்று. நாம் எழுதினால் நமக்கும் எழுதுவார்கள். எழுதாதவர் வீட்டு விசேஷத்துக்கு யாரும் வர மாட்டார்கள். புற்றுநோய் செல் பற்றிய என் பேப்பரில் கான்கிரீட் வலிமை பற்றிய பேப்பரைச் சேர்க்கச் சொன்னார்கள். எங்கே சேர்ப்பது என்று கேட்டேன். "அறிமுகத்தில், நவீன தொழில்நுட்பங்கள் பெருகி வருகின்றன என்று ஒரு வரி எழுதுங்கள் சார்" என்று பதில் வந்தது. நான் சேர்க்கவில்லை. அந்த வருட இன்கிரிமெண்ட்டில் அது தெரிந்தது.

அப்புறம் ஃப்ளெக்ஸ். உலகின் தலைசிறந்த இரண்டு சதவீத விஞ்ஞானி என்று வாசலில் ஆளுயரப் படம். ஸ்டான்ஃபோர்டு பட்டியல் என்று சொல்வார்கள். அதைத் தயாரிப்பது அந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிற ஐயோனிடிஸும் அவர் கூட்டாளிகளும். அது பல்கலைக்கழகம் கொடுக்கிற விருது இல்லை. ஸ்கோபஸ் தரவை வைத்துப் போட்ட கணக்கு. அதில் சொந்தப் பேப்பரைத் தானே சைட் செய்ததைக் கழித்து ஒரு எண்ணும் கொடுத்திருப்பார்கள். ஃப்ளெக்ஸில் அந்த எண் வந்து நான் பார்த்ததில்லை.

#14 நீலச்சாயம்

கான்கிரீட்! சிரித்துச் சிரித்து டீ மூக்கில் ஏறிவிட்டது.

#15 நூலகவாசி

ஹெச் இன்டெக்ஸைக் கண்டுபிடித்தவர் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், 2005இல். கணக்கு எளிது: குறைந்தது பத்து சைட்டேஷன் வாங்கிய பேப்பர் பத்து இருந்தால் உங்கள் எண் பத்து. ஒருவர் வாழ்நாளில் ஐந்தே பேப்பர் எழுதி, ஒவ்வொன்றும் பத்தாயிரம் வாங்கினாலும் அவர் எண் ஐந்துதான். முப்பது பேப்பர் எழுதி ஒவ்வொன்றுக்கும் முப்பது மொய் வாங்கியவர் எண் முப்பது. ஆக வெஸ்டர்ன்_ப்ளாட் சார் சொல்கிற குரூப்புக்கு ஏற்ற எண் இது. ஹிர்ஷை மட்டும் குறை சொல்ல மாட்டேன், ஒரே ஒரு பேப்பரால் மொத்த எண்ணிக்கை வீங்குவதைத் தடுக்கத்தான் அப்படி வைத்தார்.

பார்பரா மெக்லின்டாக் நினைவுக்கு வருகிறார். மக்காச்சோளத்தில் ஜீன்கள் இடம் மாறும் என்று 1950இல் எழுதினார், 1951 கூட்டத்தில் பேசினார். கேட்டவர்கள் புரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். 1953க்குப் பிறகு அந்த வேலையை ஜர்னல்களில் எழுதுவதையே ஏறக்குறைய நிறுத்திக்கொண்டார். 1983இல் நோபல், எண்பத்தொரு வயதில், யாரோடும் பங்கு போடாமல். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணைப் பார்க்கும் கமிட்டி நடுவில் எந்த வருடம் அவரைப் பார்த்திருந்தாலும் வீட்டுக்கு அனுப்பியிருக்கும்.

#16 மதுரைக்காரன்

ஆனால் ஒரு கமிட்டிக்கு முந்நூறு விண்ணப்பம் வந்தால் அது என்னதான் செய்யும்? முந்நூறு பேரின் பேப்பரையும் படிப்பார்களா? எண்ணை ஒழி என்று சொல்வது சுலபம். 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் செல் உயிரியல் மாநாட்டில் கூடியவர்கள், ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரை (அதன் பேப்பர்களுக்குக் கிடைக்கும் சராசரி சைட்டேஷனை) வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். நல்ல அறிக்கை. கையெழுத்துப் போட்ட இடங்களிலேயே அந்தக் கட்டம் விண்ணப்பத்திலிருந்து போய்விட்டதா என்று பாருங்கள். எண் இல்லாவிட்டால் அந்த இடத்தில் சிபாரிசு வந்து உட்காரும். நம் ஊரில் அது எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிபாரிசுக்கு ஆள் இல்லாத என் மாதிரி ஆட்களுக்கு அந்த எண்தான் துணை. அதை வைத்துத்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது.

#17 வெஸ்டர்ன்_ப்ளாட்

அதை மறுக்க முடியாது. முந்நூறை இருபதாக்க எண்ணைப் பாருங்கள், அந்த இருபது பேரின் பேப்பரையாவது படியுங்கள் என்பேன். எனக்குத் தெரிந்து இண்டர்வியூவில் என் பேப்பரின் படம் ஒன்றைக் காட்டி, "இந்த பேண்டு ஏன் இங்கே இரட்டையாக இருக்கிறது?" என்று கேட்டவர் ஒரே ஒருவர். அவர்தான் வேலை கொடுத்தார்.

#18 கிண்டி_ஸ்காலர்

எல்லாருக்கும் நன்றி. இன்று கைடிடம் 1963 பேப்பரைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். ஜர்னலில் ரெஃபரன்ஸுக்கு உச்சவரம்பு இருக்கிறது, நாங்கள் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறோம். "சேர், ஆனால் ஒன்றை எடு" என்றார். எதை எடுப்பது என்று பட்டியலை மேலும் கீழும் பார்த்தோம். கடைசியில் எங்கள் லேபின் பழைய பேப்பர் ஒன்றை அவரே அடித்தார். அதற்கு இந்தப் பேப்பரில் பெரிதாக வேலை இல்லைதான், ஆனாலும் அடிக்கும்போது பேனா ஒரு நொடி நின்றது.

இப்போது 42ஆம் எண்: ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன், 1963, தொகுதி 7, பக்கம் 95.

#19 படிகக்காரர்

95 முதல் 99 வரை என்று போடுங்கள் தம்பி. அப்புறம், ராமகிருஷ்ணனுக்கு இனிஷியல் சி., மறந்துவிடாதீர்கள். இல்லாவிட்டால் நீலச்சாயம் மாதிரி யாராவது வெங்கியிடம் போய்விடுவார்கள்.

#20 கிண்டி_ஸ்காலர்

மாற்றிவிட்டேன் சார்.